வீட்டுக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகுதா? முதல்ல படங்களைக் காப்பாத்துங்க

பவர் பட்டனை அமுக்கினா விசிறி சத்தம் கேட்குது. கம்பெனி லோகோ வருது. அதுக்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமா ஓடுது. "சரி, வந்துடும்" என்று நினைக்கும்போதே திரை கருப்பாகி, மறுபடியும் அதே லோகோ. இப்படியே பத்து தடவை. இதற்கு டெக்னீஷியன்கள் வைத்திருக்கும் பெயர் "பூட் லூப்". கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஆனால் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

நம்மில் பலர் வீட்டில் அந்தப் பழைய டெஸ்க்டாப்போ லேப்டாப்போதான் குடும்ப ஆல்பம். மகளின் அரங்கேற்ற வீடியோ, தாத்தா கடைசியாக வந்துபோனபோது எடுத்த படங்கள், பாட்டியைப் பேச வைத்துப் பதிவு செய்த கதைகள், ஊர்க் காணிப் பத்திரங்களின் ஸ்கேன், பத்து வருட வரிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கிக்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. பூட் லூப்பில் மாட்டிய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் அப்படியேதான் இருக்கும். விண்டோஸ் எழுந்திருக்க முடியாமல் தவிக்கிறது, அவ்வளவுதான். ஃபைல்கள் அழிவது பல சமயம் பதற்றத்தில் நாமே எதையாவது அழுத்துவதால். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வரிசைதான்: முதலில் படங்கள், அப்புறம்தான் கம்ப்யூட்டர்.

செய்யக் கூடாத மூன்று

ஒன்று: நீலத் திரையில் "ரீசெட் திஸ் பிசி" என்று ஒரு வாய்ப்பு வரும். அதைத் தொடாதீங்க. அதற்குள் "கீப் மை ஃபைல்ஸ்", "ரிமூவ் எவ்ரிதிங்" என்று இரண்டு வழி இருக்கு. இரண்டாவதை அழுத்தினால் எல்லாம் போச்சு. முதலாவது உங்கள் சொந்த ஃபோல்டர்களை வைத்துக்கொள்ளும், ஆனால் நீங்கள் போட்ட புரோகிராம்கள் எல்லாம் போய்விடும். இது கடைசி வழி. முதல் வழியாக எடுக்கக் கூடாது.

இரண்டு: "தானே சரியாகும்" என்று இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீங்க. டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் அதன் ஆயுளில் கொஞ்சம் குறையும். முக்கியமாக "டிக் டிக்" என்று டிஸ்கிலிருந்து சத்தம் வந்தால் உடனே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்க. அந்த நிலையில் வீட்டில் எதையும் முயற்சி செய்ய வேண்டாம். டேட்டா ரிக்கவரி செய்பவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

மூன்று: ஃபோனில் தேடி, முதலில் வரும் "ஹெல்ப்லைன்" நம்பருக்குப் பேசாதீங்க. இதற்கென்றே வலை விரித்துக் காத்திருக்கும் கூட்டம் இருக்கு. மைக்ரோசாஃப்டின் எர்ரர் செய்திகளில் ஃபோன் நம்பர் இருக்கவே இருக்காது. நம்பரோடு வரும் எச்சரிக்கை எதுவானாலும் அது ஏமாற்று.

ஏன் இப்படிச் சுற்றுகிறது?

கம்ப்யூட்டர் ஆன் ஆவது ஒரு தொடர் ஓட்டம் மாதிரி. முதலில் மதர்போர்டில் இருக்கும் சின்ன புரோகிராம் எழுந்து ரேம், டிஸ்க், கீபோர்டு எல்லாம் இருக்கா என்று பார்க்கும். இதைத்தான் பழைய ஆட்கள் பயாஸ் என்பார்கள். இப்போதைய பெயர் யூஇஎஃப்ஐ. அது டிஸ்க்கைக் கண்டுபிடித்து விண்டோஸிடம் பொறுப்பைக் கொடுக்கும். விண்டோஸ் தன் அடித்தளத்தை ஏற்றி, ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய டிரைவர்களை ஏற்றி, கடைசியில் பாஸ்வேர்ட் கேட்கும்.

இந்த ஓட்டத்தில் யாராவது ஒருவர் விழுந்தால், விண்டோஸ் வேண்டுமென்றே நின்றுவிடும். குழப்பத்தோடு தொடர்ந்தால் டிஸ்கில் தப்புத் தப்பாக எழுதி ஃபைல்களைக் கெடுத்துவிடலாம் என்பதால்தான் அப்படி. நின்ற பிறகு என்ன செய்வது? "தானாக ரீஸ்டார்ட் ஆகு" என்றுதான் விண்டோஸில் ஆரம்பத்திலேயே செட் பண்ணியிருக்கும். நடுவில் ஒரு தடவை தடுமாறினால் இது நல்ல ஏற்பாடு. தடுமாற்றம் ஆன் ஆகும் வழியிலேயே இருந்தால்? மறுபடி அதே இடம், அதே விழுகை, அதே ரீஸ்டார்ட்.

உலகமே இதைப் பார்த்த நாள் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டில் பிழை. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. விமான நிலையங்கள், ஆஸ்பத்திரிகள், வங்கிகள் என்று எல்லா இடத்திலும் நீலத் திரை. அந்த மென்பொருள் நிறுவனங்களுக்கானது என்பதால் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் தப்பின.

அதற்குச் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் உள்ளே போய், ஒரே ஒரு தப்பான ஃபைலை அழிப்பது. அழித்ததும் கம்ப்யூட்டர் வழக்கம்போல எழுந்துவிட்டது. உள்ளே இருந்த வேலைகள் அப்படியே இருந்தன. வீட்டிலும் பாடம் இதேதான்: கம்ப்யூட்டர் செத்துப் போன மாதிரி தெரிந்தாலும், காரணம் ஒரு சின்ன துண்டாக இருக்கலாம்.

எந்த இடத்தில் விழுகிறது?

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை. ஃபோனை எடுத்து, பவர் பட்டனை அமுக்கியதிலிருந்து ரீஸ்டார்ட் ஆகும் வரை வீடியோ எடுங்க. ஸ்லோ மோஷனில் எடுத்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியாமல் மின்னி மறையும் எர்ரர் செய்தியை அப்புறம் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். நம்மை விட நல்லா செய்வாங்க.

வீடியோவில் நீங்கள் பார்க்க வேண்டியது, எந்த இடத்தில் விழுகிறது என்பது.

கம்பெனி லோகோ வருவதற்கு முன்பே அணைந்தால், விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை என்று அர்த்தம். பவர், ரேம், பட்டன், ஏதாவது யூஎஸ்பி சாதனம் போன்ற உடல் கோளாறுகளை முதலில் பாருங்க.

லோகோவும் ஓடும் புள்ளிகளும் வந்த பிறகு விழுந்தால், பெரும்பாலும் விண்டோஸ், டிரைவர், நேற்று வந்த அப்டேட், அல்லது டிஸ்க்.

பாஸ்வேர்ட் போட்ட பிறகு, டெஸ்க்டாப் தெரிந்தவுடன் விழுந்தால், தானாக ஆரம்பிக்கும் புரோகிராம் ஏதோ ஒன்று, அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால், சூடு, பவர், ரேம் ஆகிய மூன்றின் மேல்தான் முதல் சந்தேகம். மென்பொருள் பிழை பொதுவாக ஒரே இடத்தில்தான் இடறும்.

லோகோவுக்கு முன்பே விழுந்தால்

முதலில் எல்லாவற்றையும் பிடுங்குங்க: பிரிண்டர், யூஎஸ்பி ஸ்டிக், வெளி டிஸ்க், கேமரா, மெமரி கார்டு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டும் போதும். ஒரு கெட்டுப்போன யூஎஸ்பி கேபிள் முழு கம்ப்யூட்டரையும் கீழே இழுத்துவிடும்.

அடுத்து, பவர் ஸ்ட்ரிப்பை விட்டுவிட்டு நேரடியாகச் சுவரில் சொருகிப் பாருங்க. பவர் பட்டன் உள்ளே அமுங்கி மாட்டியிருக்கா என்றும் பாருங்க. பழைய டெஸ்க்டாப்களில் பட்டன் சிக்கிக்கொண்டால், யாரோ விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பதாக கம்ப்யூட்டர் நினைத்து ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை இருபது எண்ணும் வரை அமுக்கிப் பிடிங்க. உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பல லேப்டாப்கள் இதிலேயே சரியாகிவிடுவதுண்டு.

டெஸ்க்டாப் என்றால் பக்க மூடியைத் திறக்கலாம், பயமில்லை. பிளக் வெளியே இருக்கணும். கை வைப்பதற்கு முன் பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கோங்க. தூசியைத் தட்டி, விசிறி தடையில்லாமல் சுற்றுதா என்று விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்க. ரேம் துண்டுகளைக் கழற்றி, "க்ளிக்" என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்திப் போடுங்க. இரண்டு துண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. அப்புறம் மற்றதை மட்டும். ஒன்றோடு ஓடி இன்னொன்றோடு விழுந்தால் குற்றவாளி கிடைச்சாச்சு.

புதிய ரேம் போட்ட அன்று மட்டும் இந்தக் கணக்கு வேற. டிடிஆர்5 வகை ரேம் போட்டால், முதல் தடவை கம்ப்யூட்டர் அதோடு பழகுவதற்குச் சில நிமிடம் கருப்புத் திரையோடு இருக்கும், தானே ரீஸ்டார்ட்டும் ஆகும். பழுது என்று நினைத்து நடுவில் அணைக்காமல் பொறுத்திருங்க.

மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சிஆர்2032. கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் அடிக்கடி பின்னால் போனால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தீர்ந்தால் பயாஸ் செட்டிங்ஸ் எல்லாம் பழைய ஆரம்ப நிலைக்குப் போய்விடும். சில கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்ற செட்டிங்கும் அதோடு மாறும். அப்போது விண்டோஸால் தன் டிஸ்க்கையே அடையாளம் காண முடியாமல் லூப் ஆரம்பிக்கும். சில டாலர் பேட்டரிக்காக முழு கம்ப்யூட்டரையும் தூக்கி எறிவது பாவம்.

இரண்டு எச்சரிக்கை. பவர் சப்ளை பெட்டியை ஒருபோதும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். லேப்டாப்பின் அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி வீங்கியிருக்கு. சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீங்க. நேரே கடைக்கு.

லோகோ வந்த பிறகு விழுந்தால்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரு மருத்துவ அறை உண்டு. தொடர்ந்து சில தடவை ஆன் ஆக முடியாமல் போனால் அது தானாகவே அங்கே போகும். "பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்ற செய்தி வரும். தானாகப் போகவில்லை என்றால் நாம் கொண்டுபோகலாம். லோகோவும் புள்ளிகளும் தெரிந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி அணைக்கணும். இப்படி இரண்டு, மூன்று தடவை செய்தால் அடுத்த தடவை நீல நிற மெனு வரும்.

அதுவும் வரவில்லை என்றால், இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூல் மூலம், குறைந்தது 8 ஜிபி உள்ள யூஎஸ்பி ஸ்டிக்கில் விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்க. அந்த ஸ்டிக்கில் இருக்கும் பழைய ஃபைல்கள் அழிந்துவிடும், வெறும் ஸ்டிக்காக எடுங்க. அதிலிருந்து ஆன் பண்ணும்போது "இன்ஸ்டால்" பக்கம் போகாமல் "ரிப்பேர்" என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுங்க. இதுவும் அதே மருத்துவ அறைக்குத்தான் கூட்டிப் போகும்.

மெனுவில் "ட்ரபிள்ஷூட்", அதற்குள் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்". அங்கே இந்த வரிசையில் போங்க. மென்மையான மருந்திலிருந்து கடுமையானதுக்கு.

முதலில் "ஸ்டார்ட்அப் ரிப்பேர்". விண்டோஸ் ஆன் ஆவதற்குத் தேவையான ஃபைல்களைத் தானே சோதித்துச் சரி செய்யப் பார்க்கும். உங்கள் படங்களைத் தொடாது.

அடுத்து "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". நேற்று வரை நல்லா இருந்தது, இரவு அப்டேட் ஆனது, காலையிலிருந்து லூப் என்றால் இதுதான் உங்கள் மருந்து. கடைசியாக வந்த அப்டேட்டைக் கழற்றிவிடும்.

மூன்றாவது "சிஸ்டம் ரீஸ்டோர்". முன்பு நன்றாக இருந்த ஒரு நாளின் நிலைக்கு விண்டோஸைத் திருப்பும். அந்த நாளுக்குப் பிறகு போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் போகும். படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும். ரீஸ்டோர் பாயின்ட் எதுவும் இல்லை என்று சொன்னால் அடுத்ததுக்குப் போங்க.

நான்காவது "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்". இதை அழுத்தி ரீஸ்டார்ட் பண்ணினால் எண் போட்ட பட்டியல் வரும். 9ஐ அமுக்கினால் தானாக ரீஸ்டார்ட் ஆவது அந்த ஒரு தடவைக்கு நின்றுவிடும். எர்ரர் செய்தி திரையிலேயே நிற்கும், ஆற அமரப் படிக்கலாம். இவ்வளவு நாள் நீலமாக இருந்த அந்தத் திரை, விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் கருப்பாக மாறிவிட்டது, குழம்பாதீங்க. "இன்அக்ஸெசிபிள் பூட் டிவைஸ்" என்றால் விண்டோஸால் டிஸ்க்கை அடைய முடியவில்லை. "அன்மௌன்டபிள் பூட் வால்யூம்" என்றால் டிஸ்கின் அட்டவணை கெட்டிருக்கலாம். "மெமரி மேனேஜ்மென்ட்" என்றால் ரேம் மேல் சந்தேகம். அந்தப் பெயரை அப்படியே குறிச்சு வைங்க; கடைக்காரரிடம் சொன்னால் பாதி வேலை முடிஞ்சது.

அதே பட்டியலில் 4ஐ அமுக்கினால் சேஃப் மோட். மிகத் தேவையான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும். திரை கொஞ்சம் பெரிசா, அழகில்லாமல் தெரியும். பின் எண் வேலை செய்யாமல் போகலாம், அதனால் கணக்கின் முழு பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். சேஃப் மோடில் நிம்மதியாக நின்றால், கம்ப்யூட்டரின் உடம்பு பெரும்பாலும் நல்லா இருக்கு. நீங்கள் சமீபத்தில் போட்ட ஏதோ புரோகிராமோ டிரைவரோதான் காரணம். ஆனால் அதைத் தேடுவதற்கு முன், ஒரு வெளி டிஸ்க்கைச் சொருகிப் படங்களை எல்லாம் காப்பி பண்ணிடுங்க. மறுபடி இப்படி உள்ளே விடுமா என்று யாருக்குத் தெரியும்?

48 இலக்கப் பூட்டு

நடுவில் பலரைத் திகைக்க வைக்கும் ஒரு திரை உண்டு: "பிட்லாக்கர் ரிக்கவரி". 48 இலக்கம் உள்ள ஒரு சாவி எண்ணைக் கேட்கும். "நான் எந்தப் பூட்டும் போடலையே" என்பீங்க. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட் பண்ணிய பல புதிய லேப்டாப்களில், யாரும் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். லேப்டாப் திருடு போனால் யாரும் படங்களை எடுக்க முடியாது என்பதற்காக. ஆனால் சாவி இல்லை என்றால் நாமும் எடுக்க முடியாது. கடைக்காரராலும் முடியாது.

சாவி பொதுவாக அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ உங்கள் கணக்குக்குள் போய், "டிவைசஸ்" பகுதியில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயருக்குக் கீழே ரிக்கவரி கீ இருக்கா என்று பாருங்க. சிக்கல் எங்கே என்றால், அந்த லேப்டாப்பை முதலில் செட் பண்ணியவரின் கணக்கில்தான் சாவி இருக்கும். அது உங்க தம்பியா, பள்ளி ஈமெயில் போட்ட மகனா, இப்போது மறந்துபோன பழைய முகவரியா? இதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் லூப் வந்த இரவு இல்லை. கம்ப்யூட்டர் நல்லா இருக்கும் இன்று. எண்ணை ஒரு பேப்பரில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வைங்க.

எதுவும் உள்ளே விடவில்லை என்றால்

சேஃப் மோடும் வரவில்லை. அப்போதும் படங்களை எடுக்க இரண்டு வழி இருக்கு.

ஒன்று, லினக்ஸ். உபுண்டு, மின்ட் போன்ற இலவச லினக்ஸை யூஎஸ்பி ஸ்டிக்கில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் பண்ணாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டலாம். அங்கிருந்து விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து படங்களை வெளி டிஸ்கிற்குக் காப்பி பண்ணலாம். "ட்ரை" என்பதைத்தான் தேர்ந்தெடுக்கணும், "இன்ஸ்டால்" வேண்டாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் இங்கும் அந்தச் சாவி வேணும். லினக்ஸ் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓடினால் இன்னொரு உண்மையும் கூடவே கிடைக்கும்: மதர்போர்டு, ரேம், பவர் எல்லாம் அனேகமாகச் சரி.

இரண்டு, டிஸ்க்கைக் கழற்றி, அதற்கான யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் வெளி டிஸ்க் மாதிரி சொருகுவது. டெஸ்க்டாப்பில் எளிது, பல லேப்டாப்பிலும் முடியும். டிஸ்க்கை மதர்போர்டிலேயே ஒட்டிவைத்த மெல்லிய லேப்டாப்களில் முடியாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். ஆப்பிள் சிப் உள்ள மேக் என்றால், அணைத்துவிட்டு, ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ் தெரியும்வரை பவர் பட்டனை விடாமல் பிடிங்க. டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தால் சேஃப் மோட். பழைய இன்டெல் மேக்கில் ஆன் பண்ணியதுமே ஷிஃப்ட்டைப் பிடித்தால் போதும். டிஸ்க் யுடிலிட்டியில் "ஃபர்ஸ்ட் எய்ட்" பண்ணலாம். பக்கத்திலேயே இருக்கும் "எரேஸ்" பக்கம் கை போகக் கூடாது.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு

நம் வீட்டுக் கம்ப்யூட்டரை விட நமக்குக் கஷ்டம் தருவது, யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கும் அப்பாவின் கம்ப்யூட்டர். தொலைவிலிருந்து திரையைப் பிடிக்கும் மென்பொருள் இங்கே உதவாது. விண்டோஸ் எழுந்தால்தானே அது வேலை செய்யும். வீடியோ கால்தான் வழி. ஃபோனின் பின் கேமராவை மானிட்டர் பக்கம் திருப்பி, ஒரு டம்ளரில் சாய்த்து வைக்கச் சொல்லுங்க. இரண்டு கையும் அவருக்கு வேணும்.

"பயாஸ் வருதாப்பா?" என்று கேட்டால் பதில் வராது. "திரை என்ன கலர்ல இருக்கு? எழுத்து ஏதாவது தெரியுதா? முதல் வார்த்தையை எழுத்து எழுத்தா வாசிங்க" என்று கேளுங்க. "அந்தப் பட்டனை பத்து எண்ணும் வரைக்கும் கையை எடுக்காம அமுக்கிப் பிடிங்க, நான் எண்ணுறேன்" என்று கூடவே எண்ணுங்க. ஒரு நேரத்தில் ஒரே வேலை. கோபம் வந்தால் "டீ குடிச்சிட்டு வாங்கப்பா" என்று பத்து நிமிடம் விட்டுடுங்க; அது உங்களுக்கும் தேவை.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது யூபிஎஸ். பேட்டரி பழசாகிப் போன யூபிஎஸ், கரண்ட் ஒரு நொடி ஆடினாலே தாங்காமல் விட்டுவிடும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். அதை ஒதுக்கிவிட்டு நேரே சுவரில் சொருகிப் பார்க்கச் சொல்லுங்க.

நாம் பயன்படுத்திய பழைய டெஸ்க்டாப்பை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் இதையும் கவனிங்க. கனடா, அமெரிக்கா வீடுகளில் 120 வோல்ட். இந்தியா, இலங்கையில் 230. லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும், சார்ஜர் மேலேயே 100–240 என்று அச்சடித்திருக்கும். ஆனால் சில பழைய டெஸ்க்டாப்களின் பின்புறம் 115, 230 என்று ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் உண்டு. 115இல் வைத்து 230இல் சொருகினால் அந்த நொடியே பவர் சப்ளை போகும். பெட்டி கட்டும்போதே பார்த்துடுங்க.

முன்பு சொன்ன ஃபோன் நம்பர் ஏமாற்றை அவர்களுக்கு இன்னொரு தடவை சொல்லி வையுங்க. "கம்ப்யூட்டர்ல ஏதாவது வந்தா, யார் நம்பருக்கும் பேசாதீங்கம்மா. எத்தனை மணியானாலும் எனக்குப் பேசுங்க." இந்த ஒரு வாக்கியம் எந்த ஆன்டிவைரஸையும் விட அவர்களைக் காக்கும்.

கடைக்குப் போகும்போது

எல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் கடைக்குத்தான். கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்க: "டிஸ்க்கை அழிக்கக் கூடாது, ரீஇன்ஸ்டால் பண்ணுவதற்கு முன் என்னிடம் கேட்கணும்." படங்களை ஏற்கெனவே எடுத்துவிட்டீங்களா இல்லையா என்பதையும் சொல்லுங்க. நீங்கள் எடுத்த வீடியோவைக் காட்டுங்க. பரிசோதனைக்கு எவ்வளவு, ரிப்பேருக்கு எவ்வளவு என்று தனித்தனியா கேட்டுக்கோங்க.

பவர் சப்ளை, ரேம், டிஸ்க் இவற்றில் ஒன்று மட்டும் என்றால் மாற்றுவது பெரும்பாலும் லாபம். மதர்போர்டு என்றால் யோசிக்கணும். கம்ப்யூட்டர் விண்டோஸ் 10இல் நின்று, 11ஐ ஏற்காத பழசு என்றால், இதையும் கணக்கில் எடுங்க: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பெரிய செலவு பண்ணும் நேரம் இது இல்லை.

சரியானதும் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டர் எழுந்ததும் நமக்கு மறதி வந்துவிடும். அந்த வாரமே செய்ய வேண்டியது பேக்கப். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 என்ற எளிய கணக்கு இருக்கு: மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கிளவுட் பிடிக்காது என்றால் மூன்றாவதை இன்னொரு டிஸ்கில் போட்டு வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் வைங்க. நம்மைப்போல் பல நாடுகளில் சிதறிய குடும்பங்களுக்கு இந்த ஒரு வசதியாவது இருக்கு.

ஒன் டிரைவ் மாதிரி ஒத்திசைக்கும் சேவை மட்டும் இருந்தால் போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தனிநபர் கணக்கில் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். வெளி டிஸ்க்கையும் எப்போதும் சொருகியே வைக்காதீங்க. மின்னலோ வைரஸோ வந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பிட்லாக்கர் சாவி யார் கணக்கில் இருக்கு என்று பாருங்க. வெறும் யூஎஸ்பி ஸ்டிக் ஒன்றில் விண்டோஸ் ரிப்பேர் டூலை ஏற்றி, மேலே பெயர் எழுதி மேசை டிராயரில் போடுங்க. பாட்டியின் குரல் இருக்கும் ஃபோல்டரை முதல் ஆளாக வெளி டிஸ்கிற்குக் காப்பி பண்ணுங்க. காப்பி ஆனதும் ஒரு ஃபைலைத் திறந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்க. திறந்து ஓடினால்தான் அது பேக்கப்.